நிற்காத மெசினும் எழும்பாத கணனியும்

எங்கள் முந்தல் பக்கத்தில் பழைய மெசின் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. ஓடுகிற மெசினை நிறுத்தக் கூடாது. டீசி (உலர்த்திய தேங்காய்த் துருவல்) மில்லாக இருக்கட்டும், ஐஸ் பெக்டரியாக இருக்கட்டும், இறால் குஞ்சு பொரிக்கிற ஹெச்சரியாக இருக்கட்டும், "அது பாட்டுக்கு ஓடட்டும், கை வைக்காதீங்க" என்பதுதான் எங்கும் பேச்சு. இருபது வருடமாகக் குறை சொல்லாமல் ஓடுகிற ஒன்றைப் போய்த் தொந்தரவு செய்வானேன் என்பது கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய தொழிற்சாலைக் கணனிகளை இந்த நம்பிக்கைதான் சாகடிக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாக வாசியுங்கள். உங்கள் மில்லிலும் அப்படி ஒரு பெட்டி மூலையில் இருக்கலாம்.

முதலில் அந்தப் பெட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1981 ஓகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பீசியை வெளியிட்டது. அது கந்தோர் மேசைக்குச் செய்த சாமான். தூசியும் சூடும் அதிர்வும் உள்ள தொழிற்சாலைக்கு அது சரிவராது என்று தெரிந்ததும், 1980களின் நடுப்பகுதியிலேயே ஐபிஎம்மும், பிறகு தாய்வானின் அட்வான்டெக் போன்ற கம்பனிகளும் அதே பீசியைக் கனமான இரும்புப் பெட்டிக்குள் போட்டு விற்கத் தொடங்கின. உள்ளே இருப்பது வீட்டுக் கணனியில் இருக்கிற மாதிரி மதர்போர்ட் இல்லை. வெறும் சொக்கட் வரிசை கொண்ட ஒரு முதுகுப்பலகை இருக்கும். புரொசெசர், ரேம் எல்லாம் ஒரே கார்டில் ஏறி அந்தச் சொக்கட் ஒன்றில் உட்கார்ந்திருக்கும். மற்றச் சொக்கட்டுகளில் வெப்பம் வாசிக்கிற கார்ட், வால்வு திறக்கிற ரிலே கார்ட், ஸ்கிரீன் கார்ட். முன்னால் ஒரு ஃபான், அதற்கு ஒரு தூசி வடி. அவற்றில் சிலவற்றில் இன்னமும் டொஸ் என்ற பழைய இயங்குதளம்தான் ஓடுகிறது. 1994இல் வந்த டொஸ் 6.22, இன்றைக்கும் எங்கள் தென்னை முக்கோணத்தில் வேலை செய்து சம்பளம் சம்பாதித்துக் கொடுக்கிறது என்றால் நம்புவீர்களா? நான் கண்ணால் கண்டேன்.

நான் சொல்லப் போகிற கணனி ஒரு டீசி மில்லில் இருக்கிறது. தேங்காயின் ஓடு கழற்றி, மண்ணிறத் தோலைச் சீவி, கழுவி, கொதிநீரில் கிருமி போக்கி, அரைத்து, ஈரப்பதம் மூன்று வீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்தி, சலித்துப் பொதி செய்வதுதான் அங்கே வேலை. கிருமி போக்குகிற தொட்டியிலும் உலர்த்தியிலும் வெப்பம் எவ்வளவு என்று வாசித்து, நீராவி வால்வைக் கூட்டிக் குறைத்து, எல்லாவற்றையும் நேரத்தோடு பதிந்து வைப்பது அந்தக் கணனி. அந்தப் பதிவு ஏன் முக்கியம் என்றால், 1960 வாக்கில் பிரித்தானியாவில் இறக்கிய இலங்கை டீசியில் சல்மொனெல்லா கிருமி கண்டுபிடிக்கப்பட்டு, இந்தத் தொழிலே ஆட்டம் கண்டது. அதற்குப் பிறகுதான் கொதிநீரும் கடும் சோதனையும் கட்டாயமாகின. இன்றைக்கு வெளிநாட்டில் வாங்குகிறவர் முதலில் கேட்பது வெப்பப் பதிவைத்தான். அது இல்லாவிட்டால் மூட்டை கப்பல் ஏறாது.

ஒரு நாள் இரவு கரண்ட் போனது. மில்லில் ஜெனரேட்டர் இருந்தும் அது அன்றைக்குப் பழுது. விடியும்வரை எல்லாம் இருட்டு. காலையில் கரண்ட் வந்ததும் மின்வேலை பார்க்கிற நானா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, மெசின் எழும்புதில்ல. ஃபான் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பு. ஒரு சத்தமும் இல்ல."

"நானா, இன்னொரு தரம் போட வேணாம். அப்படியே வயரைக் கழட்டி வைங்க. நான் வாறன்."

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கணனிகள் செத்துப் போகின்றன. எழும்பாத மெசினைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது மனித இயல்பு. உடைத்த தேங்காய் காத்திருக்காது, சில மணித்தியாலத்தில் புளிக்கத் தொடங்கும், மானேஜர் தலைக்கு மேல் நிற்பார். அந்த அவசரத்தில் ஒவ்வொரு தரமும் சுவிட்சைப் போடும்போது, தளர்ந்த பவர் சப்ளையிலிருந்து ஒழுங்கில்லாத மின்சாரம் போய் ஹார்ட் டிஸ்க்கைத் தாக்குகிறது. பெட்டியைப் புதிதாக வாங்கலாம், கார்டைக்கூடத் தேடிப் பிடிக்கலாம். டிஸ்க்கில் இருக்கிற அந்த ஒரு புரோகிராமை எங்கே வாங்குவது? அதை எழுதிக் கொடுத்த கம்பனி இப்போது இல்லை. அதனால் என் வழக்கம், பெட்டியைத் திறந்ததும் வயர்களைப் படம் எடுப்பது, வெப்பமானி வயர் ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டுவது, அடுத்து டிஸ்க்கின் இரண்டு வயரையும் கழற்றித் தனியாக எடுத்து வைப்பது. பவர் சரி என்று மீட்டர் சொல்லும்வரை டிஸ்க் அந்தப் பெட்டிக்குள் திரும்பப் போகாது.

இனி, ஏன் அது எழும்பவில்லை என்ற விசயம். இதை நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது எங்கள் ஊரின் கதை.

முந்தல் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவே இருக்கிறது. ஒரு பக்கம் களப்பு, ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய். அதற்கு அங்கால் உடப்பு, அதற்கு அங்கால் கடல். சோளகம் வீசத் தொடங்கினால் காற்றிலேயே உப்புக் கரிக்கும். சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, தகரக் கூரை ஆணி எல்லாவற்றிலும் அதன் கைவேலை தெரியும். அந்த உப்பு கணனிக்குள்ளும் போகிறது. மில்லில் அதோடு தேங்காய்த் தூசியும் சேர்கிறது. அது எண்ணெய்ப் பசையுள்ள தூசி, வெறும் மண்தூசி மாதிரி ஊதினால் பறக்காது. போர்டின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, உப்பையும் தன்னோடு பிடித்து வைக்கிறது.

சோற்றுப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். உப்புத் திறந்து வைத்த வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். எங்கள் ஊரில் இரவில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். இப்போது யோசியுங்கள். கணனி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே சூடு. சூடான இடத்தில் ஈரப்பதம் குறைவு, உப்பு காய்ந்த தூளாகவே கிடக்கும், காய்ந்த உப்பில் கரண்ட் ஓடாது. கணனி நின்று ஐந்தாறு மணித்தியாலம் ஆனால் பெட்டி குளிர்கிறது. படலத்தில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து உப்புத் தண்ணீராகிறது. உப்புத் தண்ணீரில் கரண்ட் நன்றாகவே ஓடும். விடியற்காலையில் அந்த நிலையில் சுவிட்சைப் போட்டால், ஒரு தடத்தில் போக வேண்டிய மின்சாரம் பக்கத்துத் தடத்துக்கும் கசிகிறது. செம்பு அரிக்கிறது. சில நேரம் ஒன்றும் ஆகாது, சில நேரம் அந்த ஒரு தரத்தோடு கார்ட் போய்விடும்.

ஆகவே கடற்கரை ஊரில், பல மணித்தியாலம் நின்றுபோன பழைய கணனியை உடனே போடக் கூடாது. பெட்டியைத் திறந்து, ஒரு மேசை ஃபானை முன்னால் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். இது ஒரு சதமும் செலவில்லாத வேலை.

கழுவுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போர்டைச் சுத்தம் செய்ய எல்லோரும் ஐசோபுரொபைல் அல்ககோல் போத்தலைத்தான் எடுப்பார்கள். எண்ணெய்ப் பசைக்கு அது நல்லது. உப்பு அதில் கரையாது என்று சொல்லுமளவுக்குக் குறைவாகவே கரையும். உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் கிணற்றுத் தண்ணீர் கூடாது, எங்கள் கிணறுகளில் பாதி உவர். வாகன பற்றரிக்கு ஊற்ற விற்கிற வடித்த நீர் போதும். முதலில் அல்ககோலால் பசையை எடுத்து, பிறகு வடித்த நீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, கடைசியில் திரும்பவும் அல்ககோல் ஊற்றி அந்த நீரை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பிறகு நிழலில் ஃபான் காற்றில் நன்றாகக் காயவிட வேண்டும். ரிலேக்களையும் பற்றரி உள்ள சிப்பையும் நனைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நானா இதைக் கண்டு பதறிப் போனார். "தம்பி, கரண்ட் சாமானத்துக்குத் தண்ணியா?" என்றார். கரண்ட் இல்லாதபோது சுத்தமான தண்ணீர் போர்டுக்கு எதிரி இல்லை, காயாமல் கரண்ட் கொடுப்பதுதான் ஆபத்து என்று விளக்கிய பிறகு அவரே பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார்.

அடுத்து பவர் சப்ளை. ஃபான் சுற்றுகிறது, அதனால் பவர் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. ஃபான் ஓடுவது 12 வோல்ட்டில், புரொசெசர் கார்டுக்கும் மற்றக் கார்டுகளுக்கும் வேண்டியது 5 வோல்ட். அந்தக் காலத்துப் பெட்டிகளில் இருப்பது ஏடி வகை பவர் சப்ளை. அதிலிருந்து வரும் ஒரு தனி வயர், பெரும்பாலும் செம்மஞ்சள் நிறம், "மின்சாரம் ஒழுங்காக இருக்கிறது, தொடங்கலாம்" என்று புரொசெசருக்கு அனுமதி கொடுக்கும். 5 வோல்ட் போதாமல் இருந்தால் அந்த அனுமதி வராது. அனுமதி வராவிட்டால் புரொசெசர் ஒன்றுமே செய்யாமல் காத்திருக்கும். ஃபான் சுற்றும், லைட் எரியும், ஸ்கிரீன் கறுப்பு, சத்தம் இல்லை. நானா போனில் சொன்னது அச்சொட்டாக அதுதான்.

மீட்டர் வைத்துப் பார்த்தபோது 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நாலரைதான் வந்தது. 4.75க்குக் கீழே போகக் கூடாது என்பது கணக்கு. பவர் சப்ளையைத் திறந்தால் கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. இவற்றுக்கு உள்ளே ஈரமான ஒரு மின்பகுபொருள் இருக்கிறது, வருடக்கணக்கான சூட்டில் அது மெல்ல வற்றும். பத்துப் பாகை சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. வற்றிய கப்பாசிட்டர் சூடாக இருக்கும்போது ஓரளவு வேலை செய்யும். குளிர்ந்துவிட்டால் அதன் உள்தடை ஏறிவிடும். வருடக்கணக்காக நிற்காமல் ஓடிய பவர் சப்ளை, ஒரு இரவு நின்ற பிறகு எழும்ப மறுப்பது இதனால்தான். மின்வெட்டு அதைப் பழுதாக்கவில்லை. ஏற்கெனவே பழுதாக இருந்ததைக் காட்டிக்கொடுத்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் நாட்டின் 230 வோல்ட்டை நேரோட்டமாகத் தேக்கி வைக்கும் முதல் கப்பாசிட்டர்களில், வயரைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஏடி பெட்டிகளில் முன்பக்க சுவிட்சுக்கே 230 வோல்ட் நேரடியாகப் போகிறது. பழக்கம் இல்லாதவர்கள் பவர் சப்ளையின் மூடியைத் திறக்க வேண்டாம், மின்வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

புதிய கப்பாசிட்டர்களைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். 105 பாகை என்று எழுதியிருக்கிற, உள்தடை குறைந்த வகைதான் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். 85 பாகை வகை கொஞ்சம் மலிவு, ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. பவர் சப்ளையையே மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம், இப்போதைய ஏடிஎக்ஸ் வகையை ஒரு இணைப்பு வயரோடு போடலாம். ஆனால் புதியவற்றில் மைனஸ் 5 வோல்ட் கிடையாது. பழைய ஐஎஸ்ஏ கார்டுகளில் சில அதை எதிர்பார்க்கின்றன. கணனி எழும்பும், வெப்பம் வாசிக்கிற கார்ட் மட்டும் தப்பான எண் காட்டும். கிருமி போக்குகிற தொட்டியில் தப்பான எண் என்பது சின்ன விசயம் இல்லை. அதனால் இருந்த பவர் சப்ளையையே சீர்செய்வதுதான் சரி என்று முடிவெடுத்தேன்.

5 வோல்ட் சரியானது. போட்டதும் ஒரு நீண்ட பீப், இரண்டு குட்டி பீப். அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம், புரொசெசர் உயிரோடு இருந்து தன் குறையைத் தானே சொல்கிறது. கணனியை எழுப்புகிற அடிப்படைப் புரோகிராமான பயோஸ், அவோர்ட் கம்பனியுடையதாக இருந்தால் இந்த மூன்றும் ஸ்கிரீன் கார்டைக் குறிக்கும். மற்ற பயோஸ்களுக்கு வேறு கணக்கு இருக்கிறது, முதலில் எந்த பயோஸ் என்று சிப்பின் மேல் ஒட்டிய சீட்டில் பாருங்கள். கார்டைக் கழற்றி அதன் பொன்முலாம் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, அல்ககோலில் நனைத்த துணியால் ஒற்றி, திரும்பச் சொருகியதும் ஸ்கிரீன் வந்துவிட்டது. கறுப்பு நிறத்தில் கறை ஏறியிருந்தது அந்தப் பற்களில். அதுவும் உப்பின் வேலை.

ஸ்கிரீனில் வந்தது நல்ல செய்தி இல்லை. பயோஸ் தன் அமைப்புகள் அனைத்தையும் மறந்துவிட்டது. டிஸ்க் என்ன அளவு, திகதி என்ன, பிரிண்டர் சொக்கட் எந்த முறையில் இயங்க வேண்டும், எதுவும் ஞாபகத்தில் இல்லை. காரணம் பற்றரி. வீட்டுக் கணனியில் இருக்கிற காசு மாதிரியான 3 வோல்ட் பற்றரியை இங்கே தேடக் கூடாது. இந்தக் கார்டில் டல்லஸ் என்று எழுதிய ஒரு கறுப்புக் கட்டி இருந்தது. மணிக்கூடும் லித்தியம் பற்றரியும் அதற்குள்ளேயே வார்த்து மூடப்பட்டிருக்கும். பத்து வருடத்துக்கு மேல் தாங்கும் என்றுதான் செய்தவர்கள் சொன்னார்கள், இது அதைப்போல இரு மடங்கு காலம் இருந்திருக்கும். பற்றரி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. கணனி நிற்காமல் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. கரண்ட் இருக்கும்வரை அந்தச் சிப்புக்குப் பற்றரி தேவையில்லை.

கட்டி சொக்கட்டில் இருந்தால் கழற்றிப் புதிய டீஎஸ்12887 போடலாம். சந்தையில் போலிகளும் பழைய சிப்பை மினுக்கி விற்பவையும் இருக்கின்றன, அதனால் வாங்கியதும் அதில் திகதி நிற்கிறதா என்று ஓரிரு நாள் வைத்துப் பாருங்கள். புதியது கிடைக்காதவர்கள் கட்டியின் ஓரத்தைக் கவனமாகச் சுரண்டி, உள்ளே மடிந்திருக்கிற 16ஆம், 20ஆம் கால்களை வெளியே கொண்டுவந்து, பழைய பற்றரியின் இணைப்பை வெட்டிவிட்டு, வெளியே ஒரு 3 வோல்ட் பற்றரியை இணைப்பார்கள். 20 பிளஸ், 16 மைனஸ். பழைய பற்றரியைத் துண்டிக்காமல் விட்டால் அது புதியதன் சக்தியையும் உறிஞ்சிவிடும். பொறுமையும் நல்ல வெளிச்சமும் வேண்டிய வேலை, செய்து முடித்தால் ஒரு மனநிறைவு இருக்கும்.

இந்தக் கட்டத்தில் டிஸ்க்கைத் திரும்பப் போட்டு, பயோஸில் தானாகக் கண்டுபிடிக்கச் சொல்லி, எழும்புகிறதா என்று பார்க்க ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. முதலில் பிரதி. பழைய ஐடிஈ சொக்கட் உள்ள ஒரு மேசைக் கணனியில் அந்த டிஸ்க்கை மாட்டி, லினக்ஸில் ஜிஎன்யூ டீடீரெஸ்க்யூ என்ற புரோகிராமால் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்தேன். இது இலவசமாகவே கிடைக்கிறது. வாசிக்க முடிந்த பகுதிகளை முதலில் வாசித்துவிட்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில்தான் திரும்பத் தட்டும். அதனால் தளர்ந்த டிஸ்க் சாகும்முன் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மலிவான யூஎஸ்பி மாற்றிகள் கெட்ட பகுதியில் சிக்கி மூச்சடைத்து நிற்பதால் நேரடி ஐடிஈ இணைப்பே நல்லது. டிஸ்க்கில் சில இடங்கள் வாசிக்க முடியாமல் போயிருந்தன. புரோகிராம் இருந்த பகுதி முழுதாக வந்தது. மில்லுக்கு உயிர் வந்தது என்று சொன்னால் அது அந்த நேரத்தில்தான்.

பழைய டிஸ்க்கை உறையில் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டு, பிரதியை ஒரு கொம்பெக்ட் ஃப்ளாஷ் கார்டுக்கு எழுதினேன். முன்பு புகைப்படக் கமராக்களில் போட்ட அதே கார்ட்தான். அது மின்னியல் ரீதியாக ஐடிஈ டிஸ்க் மாதிரியே பேசக்கூடியது, ஒரு சின்ன மாற்றி போதும். சுழல்கிற பாகம் இல்லை, அதிர்வுக்குப் பயமில்லை. இதில் பலர் தடுக்கி விழுகிற ஒரு குழி இருக்கிறது. இடம் கூட இருக்கட்டும் என்று பெரிய கார்டாக வாங்கினால் டொஸ் எழும்பாமல் போகலாம். பழைய பயோஸ் டிஸ்க்கின் கொள்ளளவைப் பார்த்து அதற்கு எத்தனை "தலை" என்று ஒரு கணக்குப் போடும். அந்த எண் டொஸ்ஸின் தொடக்கப் பகுதியிலும் எழுதியிருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். மில்லில் இருந்த 1.2 ஜிகாபைட் டிஸ்க்குக்கு வழக்கமான கணக்கு 64 தலை. 2 ஜிகாபைட் கார்டுக்கும் பெரும்பாலும் அதே 64தான் வரும். 4 ஜிகாபைட் போட்டால் 128 ஆகிவிடும், பிரதி சரியாக இருந்தும் ஸ்கிரீனில் வெறும் பிழைச் செய்திதான் வரும். ஆகவே 2 ஜிகாபைட்டுக்கு மேல் போகவில்லை.

டொஸ் எழும்பியது. புரோகிராம் தொடங்கி, பூட்டுச் சாவியைக் காணவில்லை என்று சொல்லி நின்றது. அந்தக் காலத்துப் புரோகிராம்களில் பல, பிரிண்டர் சொக்கட்டில் ஒரு சின்னக் கட்டை மாட்டியிருந்தால்தான் ஓடும். களவாகப் பிரதி எடுப்பதைத் தடுக்க அப்படி ஒரு ஏற்பாடு. கட்டை மாட்டித்தான் இருந்தது. பற்றரி தீர்ந்ததில் பயோஸ் தன் பிறவிக்குணத்துக்குத் திரும்பி, பிரிண்டர் சொக்கட்டை வேகமான ஈசிபி முறையில் வைத்துவிட்டிருந்தது. பழைய சாதாரண முறைக்கு மாற்றியதும் கட்டையை அடையாளம் கண்டுகொண்டது. தொட்டியின் வெப்பம் ஸ்கிரீனில் வந்தபோது நானா தனியாக ஒரு வெப்பமானியைத் தொட்டியில் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். அது ஒரு நல்ல தொழிலாளியின் செயல். எண்கள் பொருந்தின. திகதி 1980 என்று காட்டியதையும் திருத்தினோம். திருத்தாமல் விட்டிருந்தால் அன்றைய பதிவு முழுவதும் 1980 ஜனவரி என்று போயிருக்கும், எந்தக் கொள்வனவாளர் அதை ஏற்பார்?

இந்தக் கதையை முழுதாகப் பார்த்தால் ஒன்று தெரியும். உப்புப் படலம், வற்றிய கப்பாசிட்டர், தீர்ந்த பற்றரி, தேய்ந்த டிஸ்க். நாலும் தனித்தனி நோய், நாலும் வருடக்கணக்காக இருந்தவை, நாலையும் மறைத்து வைத்திருந்தது அந்த மெசின் நிற்காமல் ஓடியதுதான். ஒரே இரவில் நாலும் சேர்ந்து வெளியே வந்தன. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கரண்ட் போனது. மின்சாரம் நம்மைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. மெசின் என்றோ ஒருநாள் நிற்கத்தான் போகிறது, அது எந்த நாள் என்பதை நாம் தீர்மானிக்கிறோமா, மின்வெட்டு தீர்மானிக்கிறதா என்பதுதான் விசயம்.

இது எங்கள் ஊர் ஏழ்மையால் வந்த பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் 2015 நவம்பரில் வானிலைத் தகவல் கொடுக்கும் ஒரு கணனி பழுதாகி விமானங்கள் நின்றன, அது விண்டோஸ் 3.1இல் ஓடியது என்று செய்தி வந்தது. அமெரிக்காவின் கிராண்ட் ரெபிட்ஸ் நகரப் பாடசாலைகளின் வெப்பமூட்டிகளையும் குளிரூட்டிகளையும் 1980களின் ஒரு அமிகா கணனி பல வருடம் இயக்கியது. அதற்குப் புரோகிராம் எழுதியவர் அப்போது உயர்பாடசாலை மாணவர், பழுதானால் அவரையே கூப்பிட்டார்கள், அவரும் அதே ஊரில்தான் இருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் சுரங்க ரயில்களை ஓட்டும் கட்டுப்பாட்டு முறை 1998இல் வந்தது. அது ஒவ்வொரு நாளும் காலையில் ஃப்ளொப்பி டிஸ்க்கிலிருந்து எழும்புகிறது. 2024இல்தான் அதை மாற்ற ஒப்பந்தம் செய்தார்கள். ஃப்ளொப்பியைக் கண்டு உலகமே சிரித்தது, நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். தினமும் எழும்புகிற முறை என்றால், எழும்புமா எழும்பாதா என்பது அங்கே வேலை செய்பவர்களுக்கு ஒவ்வொரு காலையும் தெரிகிறது. எங்கள் பக்கத்து மில்களில் அந்தக் கேள்விக்குப் பதில் யாரிடமும் இல்லை.

புதிதாக வாங்கி மாற்றிவிடுங்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வசதி இருந்தால் செய்யுங்கள். ஆனால் கணனியை மாற்றினால் வெப்பம் வாசிக்கிற கார்டை மாற்ற வேண்டும், புரோகிராமை மாற்ற வேண்டும், கட்டுப்பாட்டுப் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும். சின்ன மில் ஒன்றால் அதைத் தாங்க முடியாது. தாங்க முடியாத மில் மூடினால், தேங்காய் சீவுகிற பெண்களுக்குக் கூலி இல்லை. சீர்செய்து வாழவைப்பது நம் கையில் இருக்கும்போது அதைச் செய்வது கடமை என்றே நான் நினைக்கிறேன். அதற்குத் தேவையான சாமான் பெரும்பாலும் இலங்கைக்குள்ளேயே கிடைக்கிறது, தெரிந்த கைகளும் இருக்கின்றன.

ஆகவே முந்தல், மதுரங்குளி, உடப்பு, சிலாபம் பக்கம் மில்லோ ஹெச்சரியோ ஐஸ் பெக்டரியோ வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பழைய கணனி இன்றைக்கு நன்றாக ஓடுகிறது என்றால், இன்றைக்குத்தான் அதைப் பார்க்க வேண்டிய நாள். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். கரண்டை நிறுத்தாமல் கணனியை ரீஸ்டார்ட் மட்டும் செய்து, எழும்பும்போதே பயோஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, அச்சிட்டுப் பெட்டியின் கதவுக்குள் ஒட்டிவிடுங்கள். அது முடிந்ததும் கணனியை நிறுத்தி, டிஸ்க்கை எடுத்து இரண்டு பிரதி செய்து, ஒன்றை மில்லிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். பற்றரியை மாற்றுங்கள், தூசி வடியைக் கழுவுங்கள், கப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். இதெல்லாம் தெரிந்த ஒருவரை உங்கள் ஊரிலேயே தேடிப் பிடித்து, மெசின் நல்லாக இருக்கும்போதே அவருக்கு அதைக் காட்டி வையுங்கள். அடுத்த சோளகம் தொடங்குவதற்கு முன் இதைச் செய்து முடித்துவிடுங்கள்.